கூடிப்போன நீலம்

என் கழுதைக்கு,

நம் பேச்சு நின்று மூன்று வருடமாகிறது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே.

திங்கட்கிழமை எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு வந்த சதைத் துணுக்குகளில் ஒன்றின் சீட்டில் உன் பெயர் இருந்தது. அதே பெயரில் வேறு யாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். வயதில் இரண்டு குறைத்துப் போட்டிருந்தது, நீ எங்கேயும் செய்கிற மாதிரியே. அப்புறம் சந்தேகமில்லை.

மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, மறுநாள் கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயம் போட்டேன். இளஞ்சிவப்புக்கு நடுவே நீலம் புள்ளி புள்ளியாகத் தெரிய வேண்டும். எங்கும் நீலமாக அப்பிக் கிடந்தது. நீலம் கூடினால், ஒன்று என் கை தப்பு. இல்லாவிட்டால் சதையிலேயே கோளாறு; அது என்னவென்று சொல்ல வேண்டியவர் டாக்டர்.

என்னையே திட்டிக்கொண்டு, புதுச் சாயம் எடுத்து, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து இன்னொன்று செய்தேன். பக்கத்து மேசைக்காரி, "முதல்ல போட்டதே நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மறுபடியும்?" என்றாள். இரண்டாவதும் அப்படியேதான் வந்தது.

கடைசியாக வாசலில் நின்று என்ன கத்தினாய்? "எப்பவும் நீதான் சரி. ஒரு தடவையாவது தப்புன்னு ஒத்துக்க மாட்டியா?" செவ்வாய்க்கிழமை முழுக்க அதற்குத்தான் பாடுபட்டேன்டி. முடியவில்லை.

முடிவு கேட்க அடுத்த வியாழன் உன்னை வரச் சொல்லியிருப்பதாகச் சீட்டில் இருக்கிறது. டாக்டரிடம் தனியாகப் போகாதே. புதன் காலையிலேயே வந்துவிடுவேன். நீ கதவைத் திறக்காவிட்டால் படியில் உட்கார்ந்திருப்பேன்.

எப்போதும் சரியாகவே இருந்து தொலைக்கிற
உன் அக்கா