அருணாசலம் ஜி. வரைந்த ஓவியம்

நவம்பர் 8, சனி

காலையிலிருந்து மழை. கிளினிக் இன்று அரை நாள். மழை நாளில் கூட்டம் குறையும் என்று சொன்னவர் யாரோ, எங்கள் பாயான் பாரு ஊர் முழுவதும் இருமிக்கொண்டு என் கவுண்டருக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தது. ஒரு மணிக்கு மூடியதும் பஸ் பிடித்து டவுனுக்கு.

செய்ய வேண்டியவை: குடை (ரிப்பேர் ஆகாது, புதிதுதான்). கறுப்புச் செருப்பு வார். நாளைக்கு எந்தச் சேலை. சேலையா, வேண்டாமா.

ஆண்டிறுதிக் கண்காட்சிகள் தொடங்கிவிட்டன. ஜார்ஜ் டவுன் கேலரிகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் ஒரே வாரத்தில் புதுப் படம் மாட்டுகின்றன. ஒரே தாளில் வரைபடம், பதினோரு இடம், பதினோரு சிவப்புப் புள்ளி. இருபது வருடமாக வேடிக்கை பார்க்கப் போகிறவள் நான். இந்த முறை ஒரு புள்ளிக்குள் என் படமும் இருக்கிறது. எழுதிவிட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். உண்மைதான். ஐம்பத்து நான்கு வயதில், சுவர் ஏறும் முதல் படம்.

பீச் ஸ்ட்ரீட் கேலரிக்கு மட்டும் இன்றே போனேன். ஓர் அறை. தரை முழுக்கச் சுடாத களிமண் கோப்பைகள். ஓரமாக ஒற்றையடிப் பாதை, அவ்வளவுதான் இடம். ஒவ்வொரு கோப்பையிலும் செய்தவளின் கட்டைவிரல் பதிந்த பள்ளம். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன். என் மூச்சுப் பட்டால் உடைந்துவிடும் என்று ஒரு பயம். பின்னால் வந்த மாமாக் கடைக்காரர், தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை நடத்துபவர் ஒருவர், தன் மனைவியிடம், "இம்புட்டு கோப்ப இருக்கு, டீய காணோமே லா." சிரித்துவிட்டேன். ஆனால் அவரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் நடந்தார்.

நாளை நீலக் காட்டன். முடிவு.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில். திறப்பு விழா. சூலியா ஸ்ட்ரீட்டை ஒட்டிய சந்து, பழைய கடைவீட்டின் மாடி. இனி இந்த டைரியில் அது மாடிக்கூடம், சுருக்கமாக மா.கூ.

முதலில் நல்லதை எழுதிவிடுகிறேன். படியேறி இடது பக்கம் திரும்பினால் என் படம். மேலே ஒரு விளக்கு, அதற்கு மட்டும். என் படுக்கையறையில், அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே, காய்கறிக் கூடையை நகர்த்தி வைத்து வரைந்தது. நீர்வண்ணம். கிளினிக் நாற்காலி வரிசையின் கீழே தெரியும் கால்கள் மட்டும். ஒன்பது ஜோடி. செருப்பு, பூட்ஸ், வீங்கிய கணுக்கால், பிளாஸ்திரி ஒட்டிய குதிகால். தலைப்பு "எண் 14". அந்த வெளிச்சத்தில் பார்த்தால் யாரோ பெரிய கை வரைந்தது மாதிரி. சத்தியமாக நானே மலைத்துப்போனேன். இரண்டு சீனப் பெண்கள் அதன் முன்னால் நின்று பேசாமல் இருந்தார்கள். பேசாமல்! அதைவிட என்ன வேண்டும்.

பிறகு பெயர் அட்டையைப் பார்த்தேன்.

ARUNASALAM G.

அருணாசலம் என் அப்பா.

ஐசியில் நான் கோமதி ஏ/பி அருணாசலம். அனாக் பெரெம்புவான், அதாவது அருணாசலத்தின் மகள். இந்த நாட்டில் அடையாள அட்டையில் நம் பெண்கள் எல்லாருக்கும் இப்படித்தான், ஆண்களுக்கு ஏ/எல். விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பும்போது குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாவிட்டால் அடுத்த பக்கத்துக்கு விடமாட்டேன் என்றது. நமக்கு எங்கே குடும்பப் பெயர்? அப்பா பெயரைத் தட்டினேன். சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் வரும். அச்சடித்தவர்கள் அப்படியே எனக்கும் போட்டுவிட்டார்கள். தப்பில் பாதி என்னுடையது, மறுக்கவில்லை.

கையேட்டில் அதைவிட மோசம். கோலாலம்பூர்க்காரர் ஒருவர் படத்துக்கு ஒரு பத்தி எழுதியிருக்கிறார். "திரு. அருணாசலத்தின் கண்டிப்பான கோடுகளில் ஓர் ஆண்மைத் தனிமை" இருக்கிறதாம். ஆண்மைத் தனிமை! வரையும்போது நான் நைட்டியில் இருந்தேன்.

கேலரி நடத்தும் மிஸ் லிம்மிடம் சொன்னேன். என் வயதுதான் இருக்கும். இரண்டு கன்னத்திலும் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, சோரி லா கோமதி, சோரி, சோரி." புதன்கிழமை புது அட்டை.

வீட்டுக்கு வந்து நீலச் சேலையை மடிக்காமல் நாற்காலியில் போட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

மேகமூட்டம். கிளினிக்கில் 61 பேர். நாள் முழுக்கப் பெயர் கூப்பிடுவதுதான் என் வேலை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் விஷயம்: இந்தியர்களை முன்னால் இருக்கும் பெயரால் கூப்பிடு, பின்னால் இருப்பது அப்பா, அவர் செத்துப்போயிருப்பார். இத்தனை வருடம் இதை ஊருக்குச் சொன்னவள், தன் பெயரைத் தானே மாற்றிக் கொடுத்திருக்கிறாள்.

ஏன் இவ்வளவு எரிச்சல் என்று பஸ்ஸில் யோசித்தேன். வேறு யார் பெயராவது விழுந்திருந்தால் சிரித்திருப்பேன். பதினேழு வயதில் ஓவியக் கல்லூரிக்குப் போகிறேன் என்றபோது வேண்டாம் என்றவர் அப்பா. கத்தவில்லை, அடிக்கவில்லை. "கிறுக்கறதுக்கு ஒரு காலேஜா?" அவ்வளவுதான். தட்டச்சு படித்தேன். அதன் பிறகு முப்பத்தேழு வருடம் என் படம் ஒன்றையாவது ஏறெடுத்துப் பார்த்ததில்லை. நானும் காட்டவில்லை. கடைசியில் ஒரு படம் சுவர் ஏறினால், அதிலும் அவர் பெயர்.

பாலாடை வாங்க மறந்தாயிற்று.

நவம்பர் 11, செவ்வாய்

மாலை நல்ல மழை. தம்பி சேகர் போன் பண்ணினான். அப்பா அவனோடுதான் சிம்பாங் அம்பாட்டில் இருக்கிறார்.

"அக்கா, அப்பா பேரு செவுத்துல இருக்காமே! ஃபோட்டோ பாத்தேன். அப்பாக்கும் காட்டிட்டேன்."

"அது சாலா லா சேகர். தப்பா போட்டுட்டாங்க. நாளைக்கு மாத்திருவாங்க."

சேகர் குரலைத் தாழ்த்தினான்.

"அவரு தாமான்ல வீடு வீடா சொல்லிட்டாருக்கா. ஞாயித்துக்கெழம கூட்டிட்டுப் போங்கறாரு. வெள்ளச் சட்டைய இஸ்திரி போட்டு மாட்டியாச்சு. அது வரைக்கும் இருக்கட்டுமே. ஒரு தடவ பாத்துக்கட்டும், அப்புறம் மாத்திக்கலாம்."

வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் படித்தவர் அப்பா. எண்பது வயது நெருங்குகிறது. தன் பெயரை அச்சில் பார்த்தது ஐசியிலும் லைட்டு பில்லிலும்தான். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் என் பெயர் மட்டும் ஏன் எப்போதும் அப்புறம்?

பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

காலை மப்பு, பிற்பகல் வெயில். அரை நாள் லீவு.

மா.கூ. போனேன். மிஸ் லிம் புது அட்டைக்கு எழுத்து எல்லாம் தயார் செய்து, அச்சடிக்கும் பொத்தானில் விரலை வைத்திருந்தார். ஞாயிறு வரை வேண்டாம் என்று சொன்னேன். நான்தான் சொன்னேன், என் வாயால். ஏன் என்று கேட்டார். அப்பா வருகிறார் என்றேன். பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டார். சீன வீட்டிலும் அப்பாக்கள் இருக்கிறார்கள்.

கோபம் தீரவில்லை. நேரே அடுத்த புள்ளிக்கு. ஏர்கண்டிஷன் குளிரில் பல் தந்தியடிக்கும் கேலரி, அங்கே எப்போதும் ஒரு சால்வை வேண்டும். உள்ளே ஒரே படம். சுவர் அளவு. முழுக் கறுப்பு.

வாசலில் ஒரு பையன் தன் காதலியிடம், "என்னா லா இது, தார் ரோடு மாதிரி." அவள், "உஷ்." போய்விட்டார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். கால் வலித்ததால் பெஞ்சில் உட்கார்ந்தேன், வேறு எந்த உயர்ந்த நோக்கமும் இல்லை. ஐந்து நிமிடம். கறுப்பு மெல்லப் பச்சையானது. கண்ணைத் தேய்த்துக்கொண்டேன். கரும்பச்சை, அதற்குள் இன்னொரு பச்சை, மடிப்பு மடிப்பாக. பிறகு மலை வந்தது. விடிவதற்கு முன் தண்ணீர்மலைப் பக்கம் போனால் வானத்துக்கும் மலைக்கும் எல்லை தெரியாத அந்த நேரம், அதுதான். யாரும் வரைந்து காட்ட முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. அழுகை வந்துவிட்டது. குளிரில் மூக்கு ஒழுகுகிறது என்று காவலாளி நினைத்திருப்பார், டிஷ்யூ கொடுத்தார்.

அட்டையில் பெயர் பார்க்காமலே வெளியே வந்துவிட்டேன். ஜாலான் முனையில், சாலை திரும்பும் இடத்தில்தான் உறைத்தது. திரும்பிப் போய்ப் பார்த்தேன். மறுபடி மறந்துவிட்டது. அப்படியானால் பெயருக்கு நான் இவ்வளவு குதிப்பது எதற்கு?

பஸ்ஸில் வரும்போது பதில் கிடைத்தது. அதை வரைந்த ஆளுக்கு இன்னும் இருபது படம் இருக்கும். எனக்கு இது ஒன்றுதான்.

நவம்பர் 14, வெள்ளி

நேற்று எழுத நேரமில்லை. கிளினிக். தலைவலி. இன்றும் அதேதான். சேகர் குறுஞ்செய்தி: "அப்பா முடி வெட்டிட்டாரு."

நவம்பர் 15, சனி

தூறல். படகு கட்டும் ஜெட்டிப் பக்கம் பழைய கிடங்கு, எட்டாவது புள்ளி. கெடாவிலிருந்து வந்த ஒரு மலாய்க்காரப் பெண், பள்ளி ஆசிரியை, ஒரு மழைக்காலம் முழுக்க நாளுக்கு ஒரு மழை வரைந்திருக்கிறாள். தபால் அட்டை அளவு. சுவர் முழுக்க வரிசையாக. ஒரு மழை ஊசி, ஒரு மழை புகை, ஒரு மழை வெறும் ஈரம். சில அட்டைகளில் நிஜ மழை விழுந்து மை கலைந்திருக்கிறது, அதையும் அப்படியே மாட்டியிருக்கிறாள். மேலே தகரக் கூரையில் இன்றைய மழை. எது படம் எது கூரை என்று காது குழம்பியது.

அவளே அங்கே நின்றாள். ஒரு நாள்கூட விடவில்லையா என்று கேட்டேன். இரண்டு நாள் மழை பெய்யவில்லை என்றாள். அந்த இரண்டு இடத்தையும் காலியாக விட்டிருக்கிறாள். காட்டினாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

இத்தனை பேர் இந்தச் சின்ன ஊரில், அவரவர் வீட்டில், யாருக்கும் தெரியாமல் இப்படி உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறார்கள். நினைக்க நினைக்க ஆச்சரியம் அடங்கவில்லை. அவர்களில் நானும் ஒருத்தி. அதை அப்பா நாளைக்குத் தெரிந்துகொள்ளப் போவதில்லை. அவர் பெயரைத்தான் பார்க்கப் போகிறார். பார்க்கட்டும். திங்கட்கிழமை என் பெயர் வந்துவிடும்.

(இப்படி எழுதினால் மனசு ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை.)

நவம்பர் 16, ஞாயிறு

வெயில். பதினோரு மணி. சேகர் காடியை எங்கோ தள்ளி நிறுத்திவிட்டு வந்தான். அப்பா வெள்ளைச் சட்டை, புதிதாக வெட்டிய முடி. பசியாறிட்டீங்களா என்றேன். "ஆச்சு ஆச்சு." அவசரம் அவருக்கு.

படிக்கட்டுக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டார். வேண்டாம்பா, இங்கே போட்டுக்கொண்டே போகலாம் என்றேன். காதில் வாங்கவில்லை. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக. மேலே மிஸ் லிம் எழுந்து நின்றார்.

நேரே அட்டைக்குத்தான் போனார். கண்ணாடியை மாட்டி, எழுத்துக் கூட்டி, விரலால் தொடாமல் தொட்டுப் படித்தார். சேகர் போனில் படம் எடுத்தான். "அப்பா, சிரிங்க." சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு ஒரே சமயத்தில் பாசமும் எரிச்சலும்.

பிறகுதான் தலையைத் திருப்பிப் படத்தைப் பார்த்தார். முதல் முறையாக என் படம் ஒன்றை. பார்த்துக்கொண்டே இருந்தார். இடமிருந்து வலம், ஒவ்வொரு ஜோடியாக. ஆறாவது ஜோடியில் நின்றுவிட்டார். குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தார். நிமிர்ந்து படத்தை. மறுபடி தன் காலை. அவருக்கு இடது காலில் இரண்டாம் விரல் கட்டைவிரல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும்.

"இது என் காலுல்ல?"

"ஆமாப்பா." இரண்டு வருடத்துக்கு முன் பிரஷர் பார்க்க என் கிளினிக்குக்கு வந்தார். மற்றவர்களோடு வரிசையில் உட்காரவைத்தேன், அன்று அவருக்கு எண் 14. கவுண்டருக்குப் பின்னாலிருந்து ஒரு சீட்டில் வரைந்தேன். அதை அவரிடம் சொன்னேன்.

"வெரலு வரைக்கும் பாத்திருக்கியே" என்றார்.

அப்புறம் மிஸ் லிம் பக்கம் திரும்பி, அவருடைய மீட்டர் காலத்து மலாயில், அறை முழுக்கக் கேட்கும்படி: "மிஸ், இனி நாமா சாலா. சாயா தா லூக்கிஸ். அனாக் சாயா லூக்கிஸ். சாயா புஞ்ஞா காக்கி சாஜா."

இந்தப் பெயர் தப்பு, நான் வரையவில்லை, என் மகள் வரைந்தாள், என்னுடையது கால் மட்டும்தான்.

மிஸ் லிம் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். சேகர், "அப்பா, அவங்க நாளைக்கு மாத்திருவாங்கப்பா, நீங்க பாக்கணும்னுதான்..." அப்பா அவனை முடிக்க விடவில்லை. "ஐசில இருக்கறது ஐசிலயே கெடக்கட்டும். இவ பேரப் போடச் சொல்லு. இப்பவே."

ஞாயிற்றுக்கிழமை, அச்சு இயந்திரம் இருக்கும் அறை பூட்டு. மிஸ் லிம் பழைய அட்டையை உரித்தார். வெள்ளை அட்டை ஒன்றும் கறுப்புப் பேனாவும் என் கையில் கொடுத்தார். தமிழிலேயே எழுது, போலே, முடியும், அச்சிலும் அப்படியே வைக்கிறேன் என்றார்.

மேசைமேல் வைத்து எழுதினேன். வாழ்க்கையில் ஆயிரம் தடவை எழுதிய மூன்று எழுத்து. நீட்டினேன். அப்பா வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார்.

"கால் எங்க?"

படத்தைக் கேட்கிறார் என்று நினைத்தேன். அங்கதாம்பா, ஆறாவது என்றேன்.

"அது இல்ல. இங்க. கோ-வுக்குக் கால் போடல பாரு. கேமதின்னு இருக்கு."

போட்டேன்.