கோதண்டராமன் நிலத்து அரிசி

கருங்குழி
18.2.2024

அன்பு வசுமதிக்கு,

நீயும் கேசவன் அண்ணனும் நலம்தானே? எங்கள் அறுப்பு முடிந்தது. என் அப்பா கூலிக்கு அறுத்த கழனியை நாங்கள் வாங்கியபின் இதுதான் முதல் விளைச்சல். தவிடு முழுக்கப் போகாமல் அரைத்து மூட்டைகளை அனுப்பியிருக்கிறேன். கல்லூரியில் என் டிபன் பாக்ஸைத் தினமும் காலி செய்தவள் நீதானே! உங்கள் அணுபுரம் குடியிருப்பில் விற்க முடியுமா பார். "அவுங்கல்லாம் பாக்கெட் அரிசிதான் துன்னுவாங்க" என்கிறார் என் வீட்டுக்காரர் ஞானதாஸ். அவர் வாயை நீதான் அடைக்க வேண்டும்.

உன் ரெஜி

*

அணுபுரம்
10.3.2024

என் அன்பு ரெஜி,

அரிசி தீர்ந்துவிட்டது! முதலில் ஒருத்தரும் தொடவில்லை. "உள்ளூர் அரிசியா? பழுப்பா இருக்கே, ரேஷன் அரிசி மாதிரி" என்றார்கள். சோறு பொங்கிக் கொடுத்தேன், ருசி பிடித்துப்போனது. ஆனால் பக்கத்து வீட்டுக் கல்யாணி, "யாரோட நிலம்?" என்று கேட்டாள். உன் பெயரையும் உன் தெருவையும் சொன்னேன். "அப்புறம் சொல்றேன்" என்று போனவள் திரும்பவே இல்லை. மற்றவர்களும் அப்படித்தான்.

பிறகு, அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன், இது என் மாமனார் கோதண்டராமன் நிலத்தில் விளைந்த வேறு அரிசி என்று சொல்லிப் பார்த்தேன். ஒரே நாளில் அத்தனையும் போய்விட்டது. அவருக்கு ஒரு தொட்டிச் செடிகூடக் கிடையாது! கோபித்துக்கொள்ளாதே, உன் நல்லதுக்குத்தான் செய்தேன். அடுத்த மூட்டைகளோடு நீயும் வாயேன், பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

என்றும் உன்,
வசு

*

கருங்குழி
7.4.2024

வசுமதி,

உன் கடிதத்தை ஞானதாஸிடம் படித்துக் காட்டினேன். "இன்னா ரெஜினா, நம்ம நெல்லுக்கு வேற நைனா கீறாராமே!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடுதான் போன வாரம் மூட்டைகளோடு உன் வீட்டுக்கு வந்தேன்.

கல்யாணி உள்ளே வந்து, "இவங்க யாரு?" என்று கேட்டபோது நீ என்னைப் பார்க்கவில்லை. "மாமா நிலத்துல வேலை பாக்கறவங்க" என்றாய். அவள் என்னிடம், "உங்க முதலாளிகிட்ட சொல்லுங்க, அரிசின்னா இதுதான் அரிசி" என்றாள். உன் முகத்துக்காகத் தலையாட்டினேன். அவள் போனதும் ஏதாவது சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ காபி போட உள்ளே போய்விட்டாய்.

உன் அக்கம்பக்கத்தார் யாரென்று எனக்குத் தெரியும். அவர்கள்மேல் எனக்குப் புதிதாகக் கோபமில்லை. ஆனால் என் அப்பா சாகும்வரை அடுத்தவர் நிலத்துக் கூலியாக இருந்தார். என்னை என் நிலத்திலேயே கூலியாக்கியது நீ.

மிச்ச நெல்லை அரைக்கவில்லை. அரசாங்கக் கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய்ப் போட்டோம். ரேஷனுக்குத்தான் போகும், போகட்டும். "யார் நெல்லும்மா?" என்றார்கள். "என்னுது" என்றேன்.

இனி உனக்கு அரிசி வராது. கல்யாணி கேட்டால், கோதண்டராமன் சார் நிலத்தை விற்றுவிட்டார் என்று சொல்லிவிடு.

ரெஜினா ஞானதாஸ்