கைய எடுத்தா நிக்கற ஹெலிகாப்டர்

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

காலைல மோகனூர் ரோட்டுல ஒரு கோழிப்பண்ணை. ஃபேன் பேனல் அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு கூப்ட்டாங்க. கான்டாக்டர் சுவிட்சுக்குள்ள எறும்பு. ஊதிட்டு, துடைச்சுட்டு வந்துட்டேன். பத்து நிமிஷ வேலை. மீதி நாள் பூரா என்ன பண்றதுன்னு தெரியல.

தேவி போயி இன்னைக்கு தொண்ணூத்தஞ்சு நாள். எண்ணணும்னு எண்ணல. மீட்டர் மாதிரி தானா ஓடுது.

அத்தை இன்னும் இங்கதான் இருக்காங்க. பொண்ணு கருமாதிக்கு இளம்பிள்ளையில ஊட்டப் பூட்டிட்டு வந்தவங்க. ஒத்தப் பொண்ணு, மாமாவும் இல்ல. அங்க போயி யார் மூஞ்சிய பாக்கறது. இங்க என் மூஞ்சி. ரெண்டு பேரும் ஒரே ஊட்ல ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். 'சாப்புடுங்க மாப்ள.' 'சரிங்கத்த.' ஒரு நாளைக்கு இதே நாலு தடவ.

மத்தியானம் போன்ல எதையோ தள்ளிக்கிட்டிருந்தேன். ஒருத்தன் காட்டுக்குள்ள ரிமோட் ஹெலிகாப்டர் ஓட்டறான். "ப்ளேன்னா கைய உட்டாலும் கொஞ்ச தூரம் மெதந்து போவும். ஹெலிகாப்டர் அப்படியில்ல. ஒரு செகண்டு வேற எதையாச்சும் நெனச்சீங்கன்னா கீழ கெடக்கும்"னு சொன்னான். அத மட்டும் மூணு தடவ திருப்பிக் கேட்டேன்.

11 பிப்ரவரி

ஹெலிகாப்டரப் பத்தி எல்லாத்தையும் படிச்சுட்டேன். ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டு விசிறி வெச்சது இருக்கு, பொம்மை மாதிரி. காத்தடிச்சாப் போச்சு. அடுத்தது ஒரே விசிறி, பிளேடு கோணம் மாறாது, வேகத்த கூட்டிக் கொறச்சு ஏத்தி எறக்கறது. இப்ப வர்ற சின்னதுல கைரோன்னு ஒரு சென்சார் வெச்சு அதுவே தன்னை நேரா நிறுத்திக்குதாம். மூணாவதுதான் நெஜம். பிளேடோட கோணமே ஓடும்போது மாறும். தலைகீழாக்கூட நிக்கும். ஆனா யாரும் அதப் புடிச்சு நிறுத்த மாட்டாங்க. நாமதான் செகண்டுக்கு செகண்டு நிறுத்தணும்.

புதுசா ஆரம்பிக்கறவன் மூணாவது பக்கமே போகாதேன்னு எல்லாரும் ஒரே குரல்ல சொல்றாங்க.

எனக்கு மூணாவதுதான் வேணும்.

16 பிப்ரவரி

கம்ப்யூட்டர்ல சிமுலேட்டர் போட்டு, ரிமோட்டும் வாங்கிட்டேன். முதல் நாள் நாப்பத்தியோரு தடவ விழுந்துச்சு.

23 பிப்ரவரி, ஞாயிறு

ரிமோட்ட கீழ வெக்கறப்ப மணி பாத்தேன். ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷம். அந்த ரெண்டு மணி நேரமும் அவ என் தலைக்குள்ள இல்ல. ஒரு தடவகூட இல்ல.

இது நல்லதா? திருட்டு மாதிரி இருக்கு. யாரு ஊட்ல இருந்து எதத் திருடினேன்னுதான் தெரியல.

நாளைக்கும் பண்ணுவேன்.

அத்தை வந்து பின்னால நின்னு பாத்தாங்க. "அது என்ன மாப்ள, கேமுங்களா?"

"ஹெலிகாப்டருங்கத்த. ஓட்டிப் பழகறேன்."

"வேல மாத்திக்கப் போறீங்களா?"

சிரிப்பு வந்திருக்கணும். வரல. "இல்லீங்கத்த, சும்மா"ன்னேன். "சும்மாவா"ன்னு சொல்லிட்டு டம்ளர எடுத்துட்டுப் போயிட்டாங்க.

4 மார்ச்

அத்தையோட தம்பி சின்னுசாமி மாமா போன் பண்ணாரு. ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவாங்க அத்தை, காது கொஞ்சம் மந்தம்.

"மக இல்லாத ஊட்ல மருமவன்கூட எத்தன நாளைக்குக்கா இருப்ப? ஊருல ஒண்ணு கெடக்க ஒண்ணு பேசறாங்க. அந்தப் பையனுக்கும் வயசு முப்பத்திரெண்டுதான் ஆச்சு. நாளைக்கு அவங்கூட்ல வேற பொண்ணு பாப்பாங்க. நீ அங்க நின்னா நல்லாவா இருக்கும்?"

"பங்குனி பொறக்கட்டும்டா. பாக்கலாம்."

போனை வெச்சுட்டு என்னப் பாத்தாங்க. "நான் என்ன பண்ணட்டும் மாப்ள?"

"உங்க இஷ்டங்கத்த."

நல்ல பதில்தானே. மரியாதையான பதில். அப்புறம் ஏன் அவங்க மூஞ்சி அப்படிப் போச்சு? அவங்க கேட்டது என் இஷ்டத்தன்னு எனக்குத் தெரியும். என்கிட்ட அப்படி ஒண்ணு இருக்கான்னு தேடிப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. காலித் தீவனத் தொட்டியத் தட்டுன மாதிரி டொங்குங்குது உள்ள.

16 மார்ச், ஞாயிறு

சேலம். கொண்டப்பநாயக்கன்பட்டியில பிரீத்தின்னு ஒருத்தங்க. வயக்காட்டுக்கு மருந்தடிக்கிற ட்ரோன் வெச்சிருக்காங்க, கூடவே இந்த ஹெலிகாப்டர் சாமானும் விக்கறாங்க. என் வயசுதான் இருக்கும்.

"ப்ளேன் ஓட்டிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"ட்ரோன்?"

"இல்லீங்க. சிமுலேட்டர் ஒரு மாசமா."

"அப்ப சைக்கிளே ஓட்டாம நேரா போர் போடற ரிக் வண்டியில ஏறி உக்காந்துக்கறேங்கறீங்க. நல்லாருக்குங்க."

ரெண்டு எடுத்து வெச்சாங்க. ஒண்ணு முழங்கை நீளம்கூட இல்ல, வெள்ளை. "இத வாங்குங்க. கைய எடுத்தாலும் அதுவா நிக்கும். ஊட்டுக்குள்ளயே ஓட்டலாம்." இன்னொண்ணு செகண்ட் ஹேண்ட், கறுப்பு கார்பன் ஃப்ரேம், ஒரு பிளேடே ஒரு அடிக்கு மேல. "இது யாரு பேச்சையும் கேக்காது. விரல் போயிரும். வேண்டாம்னுதான் சொல்லுவேன்."

கறுப்பக் கையில எடுத்தேன். பேரிங் ஆட்டமில்ல. ஷாஃப்ட் நேரா இருக்கு.

"எதுக்குங்க உங்களுக்கு இது?"ன்னாங்க.

நான் பில் போடச் சொன்னேன். பில்ல எழுதிக்கிட்டே, "ஆளுங்க, ஆடு, மாடு யாரும் அம்பது அடிக்குள்ள இருக்கக்கூடாது. சத்தியம் பண்ணுங்க"ன்னாங்க. சத்தியம் பண்ணேன்.

ஆடு மாடுன்னுதான் சொன்னாங்க. கோழி சொல்லல.

27 மார்ச்

வாரம் பூரா வேலை. நாச்சிமுத்து அண்ணன் பண்ணையில புது பேட்ச் குஞ்சு எறக்கியிருக்காங்க. எல்லா ஹீட்டரும் நானே மாட்டி, நானே டெம்பரேச்சர் செட் பண்ணேன்.

மேசை மேல ஹெலிகாப்டர். அத்தை அதுக்கடியில பழைய சேலைத் துண்டு ஒண்ண மடிச்சு விரிச்சிருக்காங்க.

6 ஏப்ரல், ஞாயிறு

நான் கொன்னுட்டேன்.

வரிசையா எழுதணும். வரிசையா எழுதுனாத்தான் புரியும்.

நாச்சிமுத்து அண்ணன் பண்ணைக்குப் பின்னால காலி நெலம். நல்ல சமம். முட்டைக்கோழி ஷெட்டுக்குத் தள்ளிப் போகணும், சத்தத்துக்கு மெரண்டா முட்டை கொறஞ்சுரும்னு நெனச்சேன். நெனச்சு, அதுக்கு நேர் எதிர்க் கோடிக்குப் போயி நின்னேன். குஞ்சு ஷெட்டுக்குப் பின்னால. ஹீட்டர் மாட்டுன அதே ஷெட்டு! அந்த ஷெட்டுக்குள்ள செவப்புச் சட்டை போட்டுட்டு வராதே, கதவ அறையாதே, குஞ்சு மெரளும்னு என் கூட வர்ற ஹெல்ப்பருக்கெல்லாம் பாடம் எடுக்கறவன் நான். எட்டு வருஷமா இந்த வேலை. எப்படி மறந்துச்சு?

கெளப்புனேன். மொழங்கால் ஒயரம். நின்னுச்சு. நெஜமாவே நின்னுச்சு. சாயும், கொஞ்சம் இழுப்பேன், திருப்பிச் சாயும். வேற ஒண்ணுமே இல்ல உலகத்துல. ஒரு நிமிஷம் இருக்கும். ரெண்டு நிமிஷமா?

எறக்கிட்டுத் திரும்பறேன், பொன்னன் — பண்ணையில வேலை பாக்கறவரு — மூச்சு எறைக்க ஓடி வாராரு. ஹெலிகாப்டரப் பாக்கல, என்னப் பாக்கறாரு. "நாலு தடவ கூப்ட்டேனுங்க. நாலு தடவ. பக்கத்துல நின்னு கத்தறேன், திரும்பவே இல்லீங்களே."

உள்ள போனேன். குஞ்சுங்கள வட்டமாக் காக்கற தகரத்த நேத்துதான் எடுத்திருக்காங்க. சத்தத்துக்கு மெரண்டு அத்தனையும் ஒரே மூலைக்கு ஓடி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி... மேல இருக்கறது உசுரோட கத்துது. அடியில இருக்கறது அமுங்கிக் கெடக்கு. இன்னும் சூடா இருக்கு.

நான் எண்ண ஆரம்பிச்சேன். பதினேழு, பதினெட்டுன்னு வாயி தானா சொல்லுது. பொன்னன் மணிக்கட்டப் புடிச்சாரு. "எண்ணாதீங்க. பொறுக்குங்க. அடியில உசுரு இருக்கும்."

அடியில உசுரு இருந்துச்சு. கொஞ்சம்.

நாச்சிமுத்து அண்ணன் வந்தாரு. திட்டுவாருன்னு நின்னேன். உமி ஒட்டுன என் கையப் பாத்தாரு. "போ சாமி. ஊட்டுக்குப் போ"ன்னாரு. அவ்வளவுதான்.

7 ஏப்ரல்

வேலைக்குப் போகல. காது அடைச்ச மாதிரியே இருக்கு.

8 ஏப்ரல்

இத எழுதாம ஆவாது.

சேலத்துல ஆஸ்பத்திரி. தேவிக்கு டெங்கு. காலைல பிளேட்லெட் முப்பத்தெட்டாயிரம், மத்தியானம் இருவத்தொம்போது. நான் பக்கத்து ஸ்டூல்ல உக்காந்து போன்ல கிராஃப் போட்டுக்கிட்டிருக்கேன். மணிக்கு எவ்வளவு எறங்குது, கோடு எப்ப திரும்பும்னு. "என்னங்க"ன்னா. "ம்"ன்னேன். "போனை வெய்யுங்களேன். இங்க பாருங்க." "ஒரு நிமிஷம் தேவி." அடுத்த நாள் காலைல ஐசியூவுக்குள்ள கொண்டு போயிட்டாங்க. அதுக்கப்புறம் அவ கூப்புடல.

என்ன சொல்ல வந்தா? தண்ணி வேணும்னா? கால் வலிக்குதுன்னா? சும்மா பாக்கச் சொன்னாளா?

மருந்து மாத்திரை எல்லாம் சரியாத்தான் குடுத்தாங்க. ரீடிங் எல்லாம் சரியாத்தான் எழுதினேன்.

ராத்திரிச் சோத்துக்கு உக்காந்தப்ப அத்தைகிட்ட சொல்லிட்டேன். ஏன்னு தெரியல. குஞ்சு செத்ததச் சொல்ல ஆரம்பிச்சு, பொன்னன் கூப்ட்டதச் சொல்லி, அது அப்படியே இதுல போயி நின்னுச்சு. இனி அவங்க பைய எடுத்துட்டுக் கெளம்பிருவாங்கன்னுதான் நெனச்சேன்.

அத்தை கை கழுவல. தட்டுலயே வெச்சிருந்தாங்க.

"எங்கிட்டயும் சொன்னா. அவரு போனையே பாக்கறாரும்மான்னு. டாக்டருகிட்ட சொல்லறதுக்கு எழுதறாரு கண்ணு, நீ தூங்குன்னேன்." அப்புறம் தட்டப் பாத்துக்கிட்டே, "நான் மட்டும் என்ன பண்ணேன்? அவ மூஞ்சியப் பாக்கத் தெம்பில்லாம டீ வாங்கியாரேன் டீ வாங்கியாரேன்னு வெளிய போயி போயி நின்னுக்குவேன். அன்னைக்கு ஏழு டீ குடிச்சேன் மாப்ள."

ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் சொல்லிக்கல. தட்டு காஞ்சு போச்சு.

20 ஏப்ரல், ஞாயிறு

கறுப்ப எடுத்துட்டு பிரீத்தி கடைக்குப் போனேன். கிண்டல் பண்ணுவாங்கன்னு தயாராத்தான் போனேன். நடந்ததச் சொன்னேன். பிளேட மட்டும் கழட்டி ஓரமா வெச்சாங்க.

"இனிமே வேண்டாம்னு வந்தீங்களா?"

"இல்லீங்க. அந்த வெள்ளை இருக்கா?"

"இருக்கு. ஆனா உங்களுக்கு போரடிக்குமே. அதுவேதான் நிக்கும், அதுவேதான் ஒயரம் புடிச்சுக்கும். நீங்க பாதி நேரம் சும்மா பாத்துக்கிட்டுத்தான் நிக்கணும்."

"பக்கத்துல யாராச்சும் கூப்ட்டா கேக்குமில்லீங்க?"

"கேக்குங்க"ன்னாங்க. அப்புறம், "நல்லாவே கேக்கும். கொசு மாதிரிதான் சத்தம்"ன்னாங்க.

முதல்லயே இத வாங்கியிருந்தா... அந்தக் கணக்குப் போடக்கூடாது.

திரும்பி வர்ற வழியில நாச்சிமுத்து அண்ணன் பண்ணையில நின்னேன். மிச்சமிருந்த குஞ்சுங்க நல்லா இருக்குதுன்னாரு பொன்னன். உள்ள வரச் சொன்னாரு. கதவு வரைக்கும் போனேன்.

25 மே, ஞாயிறு

சின்னுசாமி மாமா காரோட வந்துட்டாரு. "பங்குனின்ன, சித்திரைன்ன, வைகாசியும் பொறந்துருச்சு. ஒவ்வொரு மாசமாத் தள்ளறியே. கெளம்புக்கா."

அத்தை பைய முந்தின நாளே கட்டி வெச்சிருந்தாங்க. எனக்குத் தெரியாது. கதவுக்குப் பின்னால இருந்திருக்கு.

காபி குடிச்சோம். மாமா மழையப் பத்திப் பேசுனாரு. அத்தை பையத் தூக்கிக்கிட்டு வாசப்படி வரைக்கும் போயிட்டு, "மாப்ள"ன்னாங்க. அவ்வளவுதான். வாரேன்னுகூட சொல்லல.

நான் போனைத்தான் கையில வெச்சிருந்தேன். கீழ வெச்சேன்.

"இருங்கத்த"ன்னேன். திருப்பிச் சொன்னேன். "இங்கயே இருங்க. என் இஷ்டம் அதுதாங்க."

மாமா என்னப் பாத்தாரு. "ஊருல பேசுவாங்களே மாப்ள?"

"பேசட்டுங்க மாமா."

"நாளைக்கு உங்களுக்கு ஒரு நல்லது நடந்துச்சுன்னா?"

அத்தைதான் சொன்னாங்க, "அப்ப வந்து கூட்டிட்டுப் போடா. இப்ப டிபன் சாப்ட்டுட்டுக் கெளம்பு."

மாமா மூஞ்சி கடுகடுன்னு ஆயிருச்சு. ஆறு இட்லி சாப்ட்டாரு. சொல்லாமயே போயிட்டாரு.

6 ஜூலை

சாயங்காலம் அத்தை கட்டில்ல தேவி பக்கத்துத் தலைகாணிக்கு உறை மாத்திட்டு, அத மடியிலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நான் பக்கத்துல போயி உக்காந்தேன். மூணு மாசத்துக்கு முன்னாடின்னா ரிமோட்ட எடுத்திருப்பேன்.

20 ஜூலை, ஞாயிறு

ஆடி பொறந்ததுல இருந்து காத்து. வெளிய ஓட்ட முடியல. ஹால்ல வெள்ளையக் கெளப்புனேன். டிவி ஒயரத்துல நின்னுக்கிட்டிருந்துச்சு.

அடுப்படியில இருந்து அத்தை, "மாப்ள, இந்த மூடி தெறக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் வாங்க."

ரிமோட்ட சோபாவுல போட்டுட்டுப் போனேன். பெருங்காய டப்பா. திருகித் தெறந்தேன். தேவி வாங்கி வெச்சது, உள்ள இருக்கற சின்னப் பேப்பர்ல பிரிச்ச தேதிய எழுதுவா, எழுதியிருக்கா. கட்டியாப் போச்சு. ஸ்பேனர் முனையில தட்டி ஒடச்சுக் குடுத்தேன்.

"வாசம் இருக்குங்களாத்த?"

மோந்து பாத்தாங்க. "கொஞ்சூண்டு இருக்கு."

ஹால்ல போயிப் பாத்தா அது மெதுவா நகந்து நகந்து ஜன்னல் திரையில மாட்டித் தொங்கிக்கிட்டிருக்கு. வால் விசிறியில ஒரு எதழ் போச்சு. பிரீத்திக்கு போன் பண்ணணும்.

ரசம் வெச்சாங்க. ரெண்டு பேரும் ஒரே பக்கமா உக்காந்து சாப்ட்டோம். இன்னொரு கரண்டி ஊத்துனாங்க. வேண்டாம்னு சொல்லல.