செம்பு அண்டாவில் ஆறு ஓட்டை

பிலடெல்பியா, 1794 ஜூன் 3

அன்புள்ள மச்சான் எஃப்ரெய்முக்கு,

உன் பெயருக்குச் சம்மன் தயாராகிவிட்டது. நீதிமன்ற எழுத்தர் மேசையில் என் கண்ணாலேயே பார்த்தேன். விஸ்கி காய்ச்சும் அண்டாவை வரிக்குப் பதியாததற்கு இருநூற்றைம்பது டாலர் அபராதம். அதைக் கட்ட நிலத்தை விற்க வேண்டியிருக்கும். இந்த மாதத்துக்குள் பதிந்துவிடு.

நிதிமந்திரியைத் திட்டுவாய். திட்டிக்கொள். அவர் வருமுன் இந்தக் குடியரசின் கடன் பத்திரத்தை லண்டனில் ஒருவனும் தொட்டதில்லை. இன்று எனக்கு அங்கே கடனுக்குச் சரக்கு கிடைக்கிறது. சுதந்திரப் போருக்கு வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட வரி வேண்டும். உன் அண்டா அவர் கண்ணில் பட்டுவிட்டது.

உன் அக்கா ஜென்னட் காலுறை பின்னி அனுப்பியிருக்கிறாள்.

உன் அத்தான்,
ஹியூ கில்ஃபில்லன்

மொனோங்கஹேலா ஆற்றங்கரை, ஜூன் 24

அன்புள்ள அத்தானுக்கு,

காலுறை சரியாக இருக்கிறது.

நாணயத்தைக் கண்டு ஒரு வருஷமாகிறது. உப்புக்கும் செருப்புக்கும் போதகர் சம்பளத்துக்கும் இங்கே விஸ்கிதான் கொடுக்கிறோம். ரை தானியத்தை மூட்டையாக மலை தாண்டி அனுப்பினால் குதிரைத் தீவனத்துக்குக்கூடக் கட்டாது. வரி மட்டும் வெள்ளி நாணயமாக வேண்டுமாம்.

வரிக்குப் பணிகிறவன் இங்கே துரோகி. பக்கத்துப் பண்ணை ஆண்ட்ரூ பதிந்தான். மறுவாரமே அவன் வேலியில் ஒரு சீட்டு: உன் அண்டாவில் ஓட்டை இருக்கிறது, அடைக்க வருகிறோம் என்று. அண்டாவில் ஆறு குண்டு. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் என்னிடம் கேட்டான்: “ஓட்டை அடச்ச கூலிய யாருகிட்டடா குடுக்கறது, எஃப்ரெய்ம்?”

ஆறில் ஒரு குண்டு என்னுடையது, அத்தான். நான் பதிந்தால் சுட வருகிறவர்கள் யார் யார் என்று எனக்குப் பெயரோடு தெரியும்.

எஃப்ரெய்ம்

பெட்ஃபோர்ட் முகாம், அக்டோபர் 20

மச்சான்,

அரசுப் படையோடு வந்திருக்கிறேன், துப்பாக்கியோடு அல்ல. சிப்பாய்களுக்கு விஸ்கி அளக்கும் ஒப்பந்தம் என்னுடையது. உங்கள் வரிக் கலகத்தை அடக்க வரும் பன்னிரண்டாயிரம் பேருக்கும் தினம் தாகம். இப்போது பதிந்தால் பழைய அபராதம் மன்னிப்பாம். பதிவுச் சீட்டு இருந்தால் உன் சரக்கை வெள்ளி கொடுத்து வாங்குகிறேன். அதே வெள்ளியில் வரியைக் கட்டிவிடலாம். இதில் எனக்கும் லாபம் உண்டு, மறைக்கவில்லை. நிலம் போய்விட்டால் உன் அக்கா முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

ஹியூ

நவம்பர் 9

அத்தான்,

பதிந்துவிட்டேன். யாரும் சுடவில்லை. சுட வேண்டியவர்களெல்லாம் வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருந்தார்கள்.

பீப்பாய்களை வண்டிக்காரனிடம் அனுப்புகிறேன். வரி போக மிஞ்சும் வெள்ளியை ஆண்ட்ரூவிடம் கொடுத்துவிடுங்கள், என் பெயர் வேண்டாம். வீட்டுக்கு வரவேண்டாம். படையோடு வந்தவரை எப்படி உட்காரவைப்பது?

எஃப்ரெய்ம்

பிலடெல்பியா, டிசம்பர் 12

மச்சான்,

உன் வீட்டுப் புகைபோக்கியின் புகையைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே திரும்பினேன். இந்த வயதில் மலை ஏறி இறங்கிய முட்டி இன்னும் வலிக்கிறது. நிதிமந்திரி பதவியை விடப்போகிறாராம். வரி அப்படியே இருக்கிறது.

ஆண்ட்ரூவைப் பார்த்தேன். உன் பெயரைச் சொல்லாமல்தான் வெள்ளியை நீட்டினேன். “அஞ்சு குண்டு கண்டபடி பட்டிருக்கு. ஒண்ணு மட்டும் நடு அடியில. இந்தப் பக்கத்துல அப்படிக் குறி உங்க மச்சானுக்குத்தான். காச அவனே வச்சுக்கட்டும்” என்றான்.

காசுக்குப் பதிலாக அவன் கேட்டதற்கு உன்னைக் கேட்காமல் ஒப்புக்கொண்டேன்: மூன்று வருஷம் அவன் ரையை உன் அண்டாவில் காய்ச்சிக் கொடுக்கவேண்டும். காய்ச்சுகிறவனுக்கு வழக்கமான பாதிப் பங்கு உனக்குக் கிடையாது. விறகு அவனுடையது. பீப்பாயை அவன் வீடுவரை நீயே உருட்டிக்கொண்டு போகவேண்டும்.

ஹியூ