தில்லியில் செழிக்கும் மலைப்புதர்

8 ஏப்ரல் 2024, திங்கள்

இன்றும் அதே புதர். சூரியகாந்திக் குடும்பமாம், பூ மிளகளவுதான், பெரிய வீட்டுக்கு ஏழைச் சொந்தம். காய்ந்த கிளை ஒட்டிய பழைய தாள்கள் நானூற்றுப் பன்னிரண்டு. யார் பறித்தார், எங்கே, எவ்வளவு உயரத்தில் என்று கணினியில் ஏற்றவேண்டும். எம்.எஸ்ஸி. தாவரவியல் படித்தது இதற்குத்தான். ஒழுங்காக முடித்தால் ஜூனில் ஒப்பந்தம் நீளும். இல்லையென்றால் தில்லி முனிர்கா அறையைக் காலிசெய்துவிட்டு ஊருக்கு.

19 ஏப்ரல்

கணினி அட்சரேகை, தீர்க்கரேகை கேட்கிறது. 1908-இல் மலையேறியவர் ‘பாலத்துக்கு மேலே, எட்டாயிரம் அடி’ என்று பென்சிலில் எழுதிவிட்டுப் போய்விட்டார். எந்தப் பாலம்? மற்றவர்கள் அதுகூட எழுதவில்லை. காலியாக விட்டேன். கணினி கோபித்துக்கொள்ளவில்லை.

14 மே

முடிந்தது. அனுப்பிவிட்டேன்.

21 மே

வரைபடத்தைத் திறந்தேன். இமயமலை முழுக்க வெறுமை. தில்லியில், எங்கள் அலுவலகத்தின் மேல், ஒரே ஒரு கொழுத்த புள்ளி. காலிக் கட்டத்திலெல்லாம் அது அலுவலக முகவரியைப் போட்டிருக்கிறது. ஐயோ — பார்க்காமல் விட்டது நான்தானே.

22 மே

இணை இயக்குநர் கிருஷ்ணபிரசாத் சாரிடம் சொல்லப் போனேன். அதற்குள் அறிக்கை மேலிடத்துக்குப் போய்விட்டது: ‘அரிய மலைப்புதர் தில்லியிலும் செழிக்கிறது.’ பாராட்டுக் கடிதமும் வந்துவிட்டது. புதரைப் பார்க்க ஒரு குழுவும் வருகிறதாம்.

திருத்திவிடலாம் சார் என்றேன்.

“ரிக்கார்டைத் திருத்த மூணு கமிட்டி உட்காரணும்ப்பா. செடியை வெக்க ஒரு மாலி போதும்.”

வாயைத் திறந்தால் வேலை போகும். வெட்கமாகத்தான் இருந்தது. மூடிக்கொண்டேன்.

30 மே

மலையிலிருந்து பஸ்ஸில் செடி வந்து இறங்கியது. வெயில் நாற்பத்தாறு டிகிரி. தோட்டக்கார மாலி பார்த்துவிட்டு, “பையா, யே தோ கயா” என்றார், இது போச்சு தம்பி என்று. கூலருக்கு முன்னால் வைத்தோம்.

31 மே, வெள்ளி

குழு வந்தது. ஒரு அம்மாள் ஆசையாக இலையைத் தொட்டார். கையோடு வந்துவிட்டது. இலையுதிர் காலம் என்றார் சார். மே மாதத்தில். எல்லோரும் தலையாட்டிவிட்டு ஏசி அறைக்கு டீ குடிக்கப் போனார்கள்.

3 ஜூன்

செடி செத்துவிட்டது.

“தூக்கிப் போட்டுடாதே. அழுத்தி, ஒட்டி, கம்ப்யூட்டர்ல ஏத்திடு” என்றார் சார்.

28 ஜூன்

ஒப்பந்தம் இரண்டு வருடம் நீண்டது. அம்மாவுக்குப் போன் செய்தேன், அழுதாள்.

தாள் எண் 413. இடம்: அலுவலக வளாகம், தில்லி. உயரம்: எழுநூறு அடி. சேகரித்தவர்: அருள்ராஜ். என் பெயர் வரும் முதல் தாள், அழகாக எழுதினேன். அட்சரேகை, தீர்க்கரேகையைக் காலியாக விட்டேன். கணினியே நிரப்பிக்கொண்டது. இந்த ஒன்று மட்டும் சரி.