வெள்ளிக்கிழமைக் கோழி

ஜூன் 3, செவ்வாய்

இன்று இடைவேளையில் நிலூஷா தன் அக்காவின் போனைப் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து காட்டினாள். யாழ்ப்பாணம் போகிற இரவு ரயிலில் வாங்கிய சோற்றுப் பெட்டியை யாரோ படம் எடுத்து முகநூலில் போட்டிருக்கிறார்கள். கோழித்துண்டின் ஓரம் பச்சையாக மினுங்குகிறது. கீழே ஒருவர், "இதைத் திண்டால் சீட் எதுக்கு? டொய்லட்டிலயே யாழ்ப்பாணம் போய்ச் சேரலாம்" என்று எழுதியிருந்தார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லோரையும்விடச் சத்தமாக.

அந்தப் பெட்டியை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்குக் கீழே கட்டுகிற பெட்டி அது.

எங்கள் வீடா? மாமாவின் வீடு. கொழும்பு கொட்டாஞ்சேனையில் கீழே அவருடைய சமையல்கூடம், மேலே நாங்கள். அப்பா செத்ததிலிருந்து அம்மா கீழே சமைக்கிறா. என் படிப்புச் செலவு மாமாவுடையது. வகுப்பில் யாருக்கும் இந்தப் பெட்டிகளைப் பற்றித் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

மாமி இதைப் பார்த்தால் தொலைந்தேன். நுளம்பு வலைக்குள் டோர்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஜூன் 5, வியாழன்

யோசெப்பின் அக்காவிடம் நேரே கேட்டேன். அவ முகத்துவாரத்திலிருந்து வந்து எங்கள் கூடத்தில் வெங்காயம் வெட்டுகிறவ. எதையும் மறைக்கத் தெரியாது.

"அதுவா புள்ள? அது வெள்ளிக்கெழமக் கோழி."

வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணம் போகிற சனம் பாதிக்கு மேல் சைவம். கோழி விற்காது. ஆனால் ரயிலில் விற்கிற ஒப்பந்தம் எடுத்த முதலாளிக்கு வெள்ளியும் ஒன்றுதான், புதனும் ஒன்றுதான். ஒவ்வொரு நாளும் அதே அளவு கோழிப் பெட்டி வரவேண்டும் என்கிறார். விற்காதது மாமாவின் தலையில். அது யாழ்ப்பாணத்தில் ஒரு பகல் முழுக்க வெக்கையில் கிடந்து, அடுத்த இரவு ரயிலில் திரும்பி, ஞாயிறு விடிய எங்கள் வாசலில் இறங்கும். சோற்றைக் கொட்டிவிடுவார்களாம். கோழியைக் கழுவி, புதுச் சரக்குத்தூள் போட்டுப் பிரட்டுவார்களாம்.

"நான் பொறந்து இன்னும் யாழ்ப்பாணம் பாக்கல. இந்தக் கோழி எத்தன தரம் போய் வந்துட்டு!" என்று யோசெப்பின் அக்கா சிரித்தா. எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு படத்தில் பார்த்த அந்தப் பச்சை ஓரம் ஞாபகம் வந்தது.

ஜூன் 8, ஞாயிறு

பார்த்துவிட்டேன். பெரிய நீலப் பேசினுக்குள் தண்ணீர், விநாகிரி, தேசிக்காய்ப்புளி. அதற்குள் கோழி. மாமா முழங்கை வரை கையை விட்டு அலசிக்கொண்டிருந்தார்.

"மாமா, இது பழசெல்லோ?"

"ஆர் சொன்னது? அவிச்ச இறைச்சி. கழுவினால் புதுசு."

"ஆரும் சாப்பிட்டு வருத்தம் வந்தால்?"

மாமா கோபப்படவில்லை. விளக்கம் சொல்வது போலச் சொன்னார். "மிதுனா, றெயின்ல போறவன் ஒருக்காத்தான் வாங்குவான். வயித்துக்குள்ள குத்தினால் திரும்பி வந்து கேக்கப்போறானே? நீ போய்ப் படி."

போய்ப் படித்தேன். ஒன்றும் ஏறவில்லை.

ஜூன் 11, புதன்

இன்று காலைக் கூட்டத்தில் அதிபர் மாமாவின் பெயரைச் சொன்னா.

எங்கள் வலைப்பந்து அணி ஞாயிறு இரவு ரயிலில் யாழ்ப்பாணம் போகிறது. திங்கள் போட்டி. போகிற பிள்ளைகள் எல்லோருக்கும் இரவுச் சாப்பாடு மாமாவின் அன்பளிப்பாம். "எங்கள் மாணவி மிதுனாவின் மாமா, திரு. சந்திரகுமார்" என்று ஒலிவாங்கியில் சொன்னா. கைதட்டினார்கள். நிலூஷா என்னைக் கட்டிப்பிடித்து, "கோழியாமே! உன்ர மாமா ராசா" என்றாள். அவள்தான் அணியில் பந்தைக் கூடைக்குள் போடுகிறவள்.

ஞாயிறு இரவு. ஞாயிறு விடியத் திரும்பி வருகிற கோழி.

அன்பளிப்புக்கு மாமா புதுக் கோழி வாங்குவாரா? நான் சின்னப்பிள்ளை இல்லை.

ஜூன் 12, வியாழன்

அம்மாவிடம் சொன்னேன். அம்மா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தா. நிமிரவேயில்லை.

"வாயை மூடு."

"அம்மா, நிலூஷா சாப்பிடப்போறாள்."

"வாயை மூடு எண்டன். இந்த வீட்டை விட்டால் எங்க போறது? தெருவிலயோ?"

எங்கே போவது என்று எனக்கும் தெரியாது. அதுதான் பயம். ஆனால் வாயை மூடினால் கோழி நல்லதாகிவிடுமா?

ஜூன் 13, வெள்ளி

பெட்டிகள் கோட்டை ஸ்டேஷனுக்குப் போய்விட்டன. கோயிலில் அம்மாளாச்சியிடம் கேட்டேன், இன்றைக்கு மட்டும் யாழ்ப்பாணச் சனம் எல்லாம் கோழி சாப்பிடட்டும் என்று. இப்படி ஒரு வேண்டுதலை அவ கேட்டிருக்கமாட்டா.

ஜூன் 14, சனி

ரியூசன் முடிந்து வரும்போது நிலூஷாவிடம் சொன்னேன். "நாளைக்கு அந்தக் கோழியைச் சாப்பிடாதே."

"ஏன்?"

"சாப்பிடாதே. அவ்வளவுதான்."

"என்னடி, உன்னை அணியில எடுக்கேல்லை எண்டு எரிச்சலே?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் முழுக்க என் அம்மாவின் கையைப் பற்றித்தான் கதைக்கும். அந்தக் கையால்தான் அவ பிரட்டுறா.

கோழை நான். எழுதி வைக்கிறேன்: கோழை.

ஜூன் 15, ஞாயிறு

கை இன்னும் பினாயில் மணக்கிறது. எழுதுறன். எழுதத்தான் வேணும்.

விடியவே பெட்டிகள் திரும்பி வந்தன. அம்மாளாச்சி கேட்கவில்லை. மாமாவும் மாமியும் அம்மாவும் கோயிலுக்குப் போன நேரம் நான் கீழே இறங்கினேன். நீலப் பேசின் நிரம்பியிருந்தது. மேலே மூடியிருந்த தட்டைத் தூக்கினேன். விநாகிரியையும் மீறி ஒரு மணம்.

போன வருடம் சந்தியில் இருந்த கடைக்குச் சுகாதாரப் பரிசோதகர் வந்ததைப் பார்த்திருக்கிறேன். பழுதான மீனை எடுத்துக்கொண்டு போகவில்லை. அந்த இடத்திலேயே மண்ணெண்ணெய் ஊற்றினார். திரும்ப யாரும் விற்க முடியாதபடி.

நிலம் துடைக்கிற பினாயில் போத்தல் கதவுக்குப் பின்னால் இருந்தது. முழுவதையும் ஊற்றினேன். தண்ணீர் பால் போல வெளுத்தது. கரண்டியால் கலக்கியும் விட்டேன். ஒரு துண்டும் தப்பக்கூடாது.

ஓடி மேலே வந்திருக்கலாம். வரவில்லை. அங்கேயே நின்றேன்.

மாமா திருநீற்றோடு உள்ளே வந்தார். மணத்தில் நின்றுவிட்டார். மாமி கத்தத் தொடங்கினா. சத்தம் கேட்டு வந்த யோசெப்பின் அக்கா என்னைப் பார்த்தா, பேசினைப் பார்த்தா, உடனே, "ஐயோ முதலாளி, நான்தான், கை தவறிட்டு" என்றா.

ஏன் அக்கா? உங்களுக்கு வீட்டில் எத்தனை வாய்!

"இல்லை மாமா. நான்தான் ஊத்தினது. கை தவறேல்லை."

மாமா அடிக்கவில்லை. அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். அம்மாதான் அடித்தா. எல்லோருக்கும் முன்னால், கன்னத்தில்.

புதுக் கோழி வாங்க மாமா காசு தரவில்லை. அம்மா முட்டை அவித்து, பருப்பும் சம்பலும் வைத்துப் பெட்டி கட்டினா. அழுதுகொண்டே கட்டினா.

எனக்கு அழுகை வரேல்லை. இப்பவும் வரேல்லை. கன்னம்தான் எரியுது.

ஜூன் 17, செவ்வாய்

நிலூஷா வந்துவிட்டாள். மூன்றாமிடம். கண்டவுடனே சண்டைக்கு வந்தாள்.

"கோழி எண்டு சொல்லிப்போட்டு முட்டை! கள்ளர்! நான் பகல் முழுக்கச் சாப்பிடாமல் வயித்தைக் காலியா வச்சிருந்தனான்."

"வயித்துக்குள்ள ஏதும் செய்ததோ?"

"பசிச்சது. வேறென்ன செய்யும்?"

அவள் எவ்வளவு திட்டினாலும் எனக்குப் பாட்டுக் கேட்பது போல இருந்தது.

ஜூன் 18, புதன்

மாமா ஒரே ஒரு விஷயம் கேட்கிறார். கூடத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் முன்னால் நான் மன்னிப்புக் கேட்கவேண்டும். செய்தது பிழை என்று சொல்லவேண்டும்.

"ஒருத்தரும் இல்லாத நேரம் களவா இறங்கிச் செய்தது பிழைதான் மாமா. அதுக்கு மன்னிப்புக் கேக்கிறன். கோழிக்குள்ள பினாயில் ஊத்தினதுக்குக் கேக்கமாட்டன்."

"ரெண்டும் ஒண்டுதானே!"

"இல்லை."

என் குரல் கீச்சென்று வந்தது. பரவாயில்லை. வந்தது.

ஜூன் 20, வெள்ளி

ரியூசனுக்கு இனிப் போகத் தேவையில்லையாம். மாமி சொன்னா. கணக்கை நானே செய்வேன்.

ஜூன் 22, ஞாயிறு

மீண்டும் பேசின். இந்த முறை கூடத்துக்குப் பூட்டு. அம்மா உள்ளே. நான் வெளியே. நிலூஷா இல்லை, வேறு யாரோ சாப்பிடப்போகிறார்கள். அவர்களுக்கும் பெயர் இருக்கும்.

இரவு அம்மா பக்கத்தில் வந்து படுத்தா. அடித்த நாளிலிருந்து நாங்கள் கதைக்கவில்லை. நான்தான் தொடங்கினேன்.

"அம்மா, எனக்கு ஏன் ஒருநாளும் கீழ இருந்து கோழி தரேல்லை?"

அம்மா போர்வையை இழுத்துவிட்டா.

"எப்பவும் எனக்கு முட்டை, இல்லாட்டிப் பருப்பு. வேறையாச் சமைச்சுத் தந்தனீங்கள். எனக்கு மட்டும். உங்களுக்கு முதல்லயே தெரியும், என்ன?"

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பினா. நித்திரை என்று நினைத்தேன். கனநேரம் கழித்து, "வெள்ளிக்கிழமைக் கோழியை என்ர பிள்ளைக்குக் குடுப்பனே?" என்றா.

அப்படியென்றால் மற்றப் பிள்ளைகள்? நான் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஜூன் 29, ஞாயிறு

அம்மா கோழியைத் தொடவில்லை.

மாடிப்படியில் நின்று எல்லாம் கேட்டேன். "இனி நான் இதைப் பிரட்டமாட்டன் அண்ணா. புதுசு எண்டால் எவ்வளவெண்டாலும் சமைக்கிறன்." மாமா குரல் உயர்ந்தது. "இருக்கிற வீடு, திங்கிற சோறு, பெட்டையின்ர படிப்பு, எல்லாம் இந்தக் கோழியாலதான் சுபோ!" அம்மா மெதுவாகச் சொன்னா: "அதுதான் எனக்குச் செமிக்கேல்லை."

மாமி, "அப்ப வெளிக்கிடுங்கோ" என்றா. மாமா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லுவார் என்று அம்மா கொஞ்ச நேரம் நின்றா.

ஜூலை 2, புதன்

வெள்ளவத்தை. ஒரு அறை. இரண்டு பாய். பயம் போகவில்லை. அதுவும் எங்களோடு பஸ்ஸில் வந்துவிட்டது, என்ன செய்வது?

ஜூலை 9, புதன்

அம்மாவுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் தங்குகிற விடுதியில் சமையல் கிடைத்தது. முதல்நாளே ஒரு அக்கா, "புளி கூடிப்போச்சு அன்ரி" என்றாளாம். "முகத்துக்கு நேர சொல்லுறாள்!" என்று அம்மா வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தா.

நிலூஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடியும்வரை நகம் கடித்தாள். பிறகு, "ஒரு போத்தல் முழுக்கவோ?" என்றாள்.

ஜூலை 20, ஞாயிறு

மாமா வந்தார். முன்னறிவிப்பு இல்லாமல், வியர்த்து வழிய, மாமி இல்லாமல். அறையில் கதிரை இல்லை, பாயில்தான் உட்கார்ந்தார்.

முதலாளியோடு கதைத்துவிட்டாராம். வெள்ளிக்கிழமைகளில் இனி மரக்கறிப் பெட்டிதான். "முந்தியே கேட்டிருக்கலாம். கேட்டால் ஒப்பந்தத்தை வேற ஆளுக்குக் குடுத்திடுவாங்கள் எண்டு பயம்" என்றார். மாமாவுக்கும் பயம் என்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

"திரும்பி வா சுபோ. வாற சமையல்காரன் எல்லாம் உப்பு அள்ளிக் கொட்டுறான்."

அம்மா தட்டில் சோறு போட்டா. கத்தரிக்காய்க் குழம்பு, கீரை. மாமா இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். கை கழுவி வந்த பிறகுதான் அம்மா சொன்னா: "இல்லை அண்ணா. இங்க எனக்குச் சரி. நீங்கள் இடைக்கிடை வாங்கோ."

மாமா தலையாட்டினார். மன்னிப்பைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. செருப்புப் போடும்போது என்னைப் பார்த்தார்.

"உனக்குப் பெரிய வாய்."

"ஓம் மாமா" என்றேன்.