இன்னும் மூன்று கிலோ நானூறு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தைக் கேட்கத்தான் போன் செய்துகொண்டே இருக்கிறேன். ஒன்பது நாளாக நீ எடுக்கவில்லை. கடிதம் மணி அடிக்காது. மேசைமேல் பேசாமல் கிடக்கும், எப்போதாவது பிரிப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. எட்டு கிலோ அறுநூறு குறைந்துவிட்டேன். இன்னும் மூன்று கிலோ நானூறு குறைந்தால் என் சிறுநீரகம் ஒன்றை எடுத்து உனக்கு வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பேக்கரியில் நாள் முழுக்க பன்னும் கேக்கும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இதைச் சாதித்திருக்கிறேன், கொஞ்சம் மெச்சிக்கொள். மீந்ததையெல்லாம் உன் மாமாதான் தின்கிறார். "நீ எறக்குறதெல்லாம் என் வயித்துல வந்து ஏறுது" என்கிறார்.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண், எங்கள் அடுக்குமாடியில் தினம் படியேறுவதற்கு முன்னால் கண்ணை மூடி, போய்ச் சேரவேண்டியதைப் படமாக மனதில் பார்க்கச் சொன்னாள். கல்யாண போட்டோவில் இருந்த இடுப்போடு என்னைப் பார்க்க முயன்றேன். எனக்கே சிரிப்பு வந்து, இரண்டாவது மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் கண்ணை மூடி, சின்னப் பையனாக உன்னைப் பார்த்தேன். வெயிலில் விளையாடிவிட்டு வந்து, ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடிக்கிறாய், சட்டையெல்லாம் நனைகிறது. இப்போது ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் என்று அளந்து குடிக்கிறவன் நீ. அந்தப் படம் வந்ததும் கால் தானாக ஏறியது. ஆறு மாடி, தினம் மூன்று முறை. நாலு மாதம் அப்படித்தான் ஓடியது.

போன வாரம் உன் மனைவி போன் செய்தாள். அவளைக் கோபிக்காதே, வேறு யாரிடம் சொல்வாள்? "அண்ணி, வாரம் மூணு நாள் டயாலிசிஸ், இவரு ஒரு நாள்தான் போறாரு. அக்காவை அறுத்துத்தான் நான் பொழைக்கணுமான்னு கேக்குறாரு" என்று அழுதாள்.

அன்றிலிருந்து படம் வரவில்லை. கண்ணை மூடினால் செம்பு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, உன் கை இல்லை. ஐந்து நாளாக எடையும் அசையவில்லை. முந்தாநாள் நாலாவது மாடிப் படியில் உட்கார்ந்து, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். அந்த மாடிக்காரம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று கேட்டார். "வேண்டாங்குறவனை நான்தான் டாக்டர் கட்டாயப்படுத்திட்டிருக்கேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் இருபதாம் தேதிக்குள் நீ சம்மதக் கையெழுத்துப் போடாவிட்டால் நம் கோப்பை மூடிவிடுவார்களாம். அதுவரை டயாலிசிஸை விட்டால் உன் இதயம் தாங்காதாம். பிறகு நான் ஈர்க்குச்சியாக இளைத்து வந்து நின்றாலும் பயனில்லையாம்.

எனக்குப் பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஊசிக்கே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் நான். ஆனால் அந்தப் பயம் மயக்கம் தெளிந்ததும் போய்விடும். மற்றப் பயம் அப்படியில்லை. அம்மா போனபோது செய்வதற்கு ஒன்றுமில்லாமல் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இந்தத் தடவை செய்வதற்கு இருக்கிறது. இருந்தும் செய்யாமல் அந்தச் சுவரை நான் தனியாகப் பார்க்க முடியாதடா.

நீ எனக்குப் பாரம் என்று நினைக்கிறாய். பாரம் எதுவென்று இந்த நாலு மாதத்தில் எனக்கு கிராம் கணக்கில் தெரிந்துவிட்டது. அது நீ இல்லை.

இன்று காலை எந்தப் படமும் இல்லாமலேதான் ஏறினேன். நாளையும் ஏறுவேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். மீதி உன் கையில் இருக்கிறது. வியாழக்கிழமை டயாலிசிஸுக்குப் போய் அந்த நாற்காலியில் உட்கார். கையெழுத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம். என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் பேசவும் வேண்டாம். ஆயுசு முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டே இரு.

இரு, அது போதும்.

தலை நரைத்து, பல் விழுந்து, பேரன் பேத்தி எடுத்து நீ நீடூழி வாழ வேண்டும்.

உன் கூடப்பிறந்தவள்